கூட்டத்தில் ஒரு கை: விக்டோரியா கால இங்கிலாந்தின் ஜேப்படித் திருட்டும் சட்டம் கண்ட இரு வழிகளும்



ஆண்டுதோறும் நடைபெறும் இந்தச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜேப்படித் திருட்டு. அதுவும் நம் ஊர்த் திருட்டு அல்ல. விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில், இங்கிலாந்தில் மக்கள் கூடிய இடங்களில் நடந்த திருட்டு. ஒரு கைக்குட்டை, ஒரு கடிகாரம், ஒரு பணப்பை: களவு போனவை இவ்வளவுதான். ஆனால் அந்தக் கைக்குட்டையை எடுத்த சிறுவனை அரசு என்ன செய்தது என்று தேடிப் போனால், குற்றத்தைப் பற்றி இன்று நாம் கொண்டிருக்கும் எண்ணங்களில் பாதி எங்கிருந்து வந்தன என்பது தெரிகிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் திருட்டைத் தடுக்க அந்தச் சமூகம் இரண்டு வழிகளைக் கண்டது. ஒன்று, செயலைப் பார்ப்பது. அந்தக் கை என்ன செய்தது, என்ன நோக்கத்தோடு செய்தது என்று கேட்பது. மற்றொன்று, ஆளைப் பார்ப்பது. இவன் யார், எந்தத் தெருவைச் சேர்ந்தவன், முன்பு என்ன செய்தவன் என்று கேட்டு, அதையே குற்றமாக்குவது. இரண்டு வழிகளும் நம் நாட்டுக்கும் வந்தன. முதல் வழி நமக்கு நன்மை செய்தது. இரண்டாவது வழி நம் மக்கள் பலரின் வாழ்வை அழித்தது.

கூட்டம் பெருகிய காலம்

கூட்டம் என்பது அன்றைய லண்டனுக்குப் புதிதல்ல. ஸ்மித்ஃபீல்டில் பர்த்தலோமியோ சந்தை பல நூற்றாண்டுகளாகக் கூடிவந்தது. ஆனால் ரயில் வந்த பிறகு கூட்டத்தின் அளவே மாறியது. எப்சம் குதிரைப் பந்தயம், அரசியின் முடிசூட்டு விழா, 1852 நவம்பரில் வெலிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலம் என்று ஒவ்வொன்றுக்கும் நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து மக்கள் வந்து குவிந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் தோளோடு தோள் உரசி, மணிக்கணக்கில் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜேப்படிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அன்றைய உடையும் அவனுக்குத் துணைசெய்தது. ஆண்கள் அணிந்த நீள்வால் கோட்டின் பின்பக்கத்தில் பை இருந்தது. பட்டுக் கைக்குட்டையை அதில்தான் வைத்தார்கள். கண்ணுக்குப் படாத இடம். கைக்கும் சட்டென்று எட்டாத இடம். வங்காளத்திலிருந்து கப்பலில் போன பட்டுக் கைக்குட்டைகளுக்கு அங்கே நல்ல விலை இருந்தது. கடிகாரம் முன்பக்கத்து வேஸ்ட்கோட் பையில் சங்கிலியோடு தொங்கியது. பெண்களின் அகன்ற பாவாடையில் பை ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. துணி அவ்வளவு அகலமாக விரிந்திருந்ததால் பைக்குள் ஒரு கை நுழைவது உடலுக்குத் தெரியவே தெரியாது.

வில்லியம் பவல் ஃப்ரித் வரைந்த 'டெர்பி நாள்' ஓவியத்தை மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். 1858இல் ராயல் அகாடமியில் அது வைக்கப்பட்டபோது, முண்டியடித்த கூட்டத்திலிருந்து காப்பாற்ற ஓவியத்துக்கு முன்னால் கம்பித் தடுப்பே போட வேண்டியிருந்தது. ஓவியத்தின் இடப்பக்கம் சூதாட்ட மேசையைச் சுற்றி ஒரு கும்பல். அங்கே ஓர் இளைஞன் இரு கைகளையும் பைக்குள் விட்டபடி நிற்கிறான். அவனுடைய கடிகாரம் போய்விட்டது. சுற்றி நிற்கும் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் நடுவே பறிகொடுத்தவன் எவ்வளவு தனியாகிப் போகிறான் என்பதை ஃப்ரித் அந்த முகத்தில் காட்டிவிட்டார்.

இதைச் சிறு திருட்டு என்று நாம் சொல்கிறோம். பறிகொடுத்தவருக்கு அது சிறிதல்ல. களவு போன கடிகாரங்கள் எல்லாம் செல்வர்களுடையவை அல்ல. பல ஆண்டுகள் சேமித்து வெள்ளிக் கடிகாரம் வாங்கிய தச்சரும், வாரக்கூலியைப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்த வேலைக்காரப் பெண்ணும் பறிகொடுத்தவர்களில் உண்டு. இதை மறந்துவிட்டுத் திருடனுக்காக மட்டும் இரங்கிப் பேசுவது நேர்மையாகாது.

தொழிலும் பயிற்சியும்

ஹென்றி மேஹ்யூவின் 'லண்டன் உழைப்பாளரும் லண்டன் ஏழைகளும்' நூலின் நான்காம் தொகுதி 1862இல் வெளிவந்தது. அதில் திருடர்களைப் பற்றிய பகுதியை எழுதியவர் ஜான் பின்னி. சிறுவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சியை அவர் விவரிக்கிறார். சுவரில் ஒரு கோட்டை மாட்டுவார்கள். அதில் ஒரு மணியைக் கட்டுவார்கள். மணி ஒலிக்காமல் பைக்குள்ளிருந்து கைக்குட்டையைச் சிறுவன் உருவ வேண்டும். மணி ஒலித்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது கைவந்த பிறகே அவனைத் தெருவுக்கு அனுப்புவார்கள். எந்தத் தொழிலும் கற்றுத்தரப்படாத ஏழைப் பிள்ளைக்கு, பொறுமையாக உட்கார்ந்து ஒருவர் சொல்லித்தந்த ஒரே தொழில் இதுவாக இருந்திருக்கிறது. அந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போது என் நெஞ்சை மிகவும் உறுத்தும் செய்தி இதுதான்.

தேர்ந்தவர்கள் தனியாகத் தொழில் செய்யவில்லை, குழுவாகவே செய்தார்கள். ஒருவன் முன்னால் போய் வழியை மறிப்பான், அல்லது இடிப்பான். பறிகொடுப்பவரின் கவனம் அங்கே போகும் நொடியில் இன்னொருவன் பொருளை எடுப்பான். கடிகாரமானால் சங்கிலியோடு சேரும் வளையத்தை விரலால் முறித்துத் திருகுவான். எடுத்த பொருள் அவனிடம் இருப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். உடனே மூன்றாமவன் கைக்கு மாறிவிடும். பிடிபட்டவனைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. ஹோபர்னுக்கு அருகே இருந்த ஃபீல்டு லேன் போன்ற சந்துகளில் கைமாறிய கைக்குட்டைகள் விற்பனைக்குத் தொங்கின. டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் வரும் ஃபேகினின் உலகம் அந்தப் பகுதிதான்.

இந்தக் கைமாற்றும் முறையைப் போலீஸ் எப்படி அறிந்து வைத்திருந்தது என்பதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. ஸ்காட்லாந்து யார்டில் 1842இல் எட்டே பேரோடு துப்பறியும் பிரிவு தொடங்கப்பட்டது. அதில் பேர்போனவர் ஜோனதன் விச்சர். அவரையும் அவருடைய சகாக்களையும் டிக்கன்ஸ் நேரில் சந்தித்து, பெயர்களைச் சற்றே மாற்றி, 1850இல் தம் இதழில் எழுதினார். எப்சம் பந்தய நாளில் துப்பறிவாளர்கள் ரயிலடியில் காத்திருக்கிறார்கள். அவர்களோடு நின்று மது அருந்திக்கொண்டிருந்த நண்பர் ஒருவரின் சட்டையில் வைர ஊசி. நல்ல உடை உடுத்திய நான்கு திருடர்கள் வருகிறார்கள். ஒரு தள்ளுமுள்ளு, ஊசி போய்விட்டது. துப்பறிவாளர்கள் வாசலை மறிக்கிறார்கள். எல்லோரும் தரையில் விழுந்து புரள்கிறார்கள். கடைசியில் நால்வரும் பிடிபடுகிறார்கள். சோதித்தால் யாரிடமும் ஊசி இல்லை. நண்பர் மனம் தளர்ந்து நிற்கும்போது விச்சர் தம் உள்ளங்கையை விரிக்கிறார். ஊசி அதில் இருக்கிறது. எடுத்தவன் யார் என்பதை அவர் கண்டிருந்தார். தரையில் புரண்டபோது, கூட்டாளி தொடுவதைப் போல அவனுடைய புறங்கையை மெல்லத் தொட்டார். அவனும் கூட்டாளிதான் என்று நினைத்து ஊசியைக் கொடுத்துவிட்டான்.

இந்த நிகழ்ச்சியைச் சுவைக்காக மட்டும் நான் சொல்லவில்லை. விச்சர் செயலைப் பார்த்தார். எந்தக் கை எடுத்தது, அடுத்து அது எங்கே போகும் என்று கவனித்தார். நல்ல காவல் என்பதன் சாரம் அந்தக் கவனத்தில் இருக்கிறது.

தூக்குமேடைக்குக் கீழே

கடுமையான தண்டனை திருட்டைக் குறைக்கும் என்று நம்புவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரலாறு தரும் விடை தெளிவானது. 1565ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் அறியாமல் அவர் மேலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள பொருளை எடுத்தால் தூக்குத் தண்டனை. நடைமுறையில் என்ன நடந்தது? ஒரு கைக்குட்டைக்காக உயிரை வாங்க ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. பொருளின் மதிப்பைப் பத்துப் பென்ஸ் என்று குறைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பறிகொடுத்தவர்களில் பலர் வழக்கே தொடுக்கவில்லை. சட்டச் சீர்திருத்தவாதி சாமுவேல் ரோமிலியின் முயற்சியால் 1808இல் அந்த மரண தண்டனை நீங்கியது. அதன் பிறகு வழக்குகளின் எண்ணிக்கை கூடியது. பார்த்தீர்களா, திருட்டு பெருகிவிட்டது என்றார்கள் எதிர்த்தவர்கள். தண்டனை நியாயமானதால் மக்கள் துணிந்து வழக்குத் தொடுக்கிறார்கள் என்று ரோமிலியின் தரப்பு பதில் சொன்னது.

ஜேப்படிக்குத் தூக்கு நீங்கியபோதும், கொலைக்கான தூக்கு பொது இடத்தில்தான் நிறைவேற்றப்பட்டது. மக்கள் கண்டு அஞ்ச வேண்டும் என்பது நோக்கம். ஆனால் தூக்குமேடையைச் சுற்றிய கூட்டம் திருடர்களுக்கு அறுவடைக் களமானது. 1849 நவம்பர் 13 அன்று கொலைக்குற்றத்துக்காக மேனிங் தம்பதியர் தூக்கிலிடப்பட்டதைப் பார்த்த டிக்கன்ஸ், அந்தக் கூட்டத்தின் இழிநிலையைக் கண்டு கொதித்து 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்.

எல்லாவற்றிலும் நெஞ்சை உலுக்குவது 1864இல் நடந்தது. ஃபிரான்ஸ் முல்லர் என்ற இளைஞர், தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கி அதிகாரியை ரயில் பெட்டியில் தாக்கிக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். பறிபோனவை ஒரு தங்கக் கடிகாரமும் சங்கிலியும். நவம்பர் 14 அன்று நியூகேட் சிறைக்கு வெளியே பல்லாயிரம் பேர் முன்னிலையில் முல்லர் தூக்கிலிடப்பட்டார். அதே நேரத்தில், அதே கூட்டத்துக்குள், தொப்பியைக் கண்ணை மறைக்க அழுத்திவிட்டுப் பையைக் காலி செய்வதும் அடித்துப் பறிப்பதும் பட்டப்பகலில் நடந்ததாக 'டைம்ஸ்' எழுதியது. கடிகாரத்துக்காகக் கொன்றவன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது, கீழே கடிகாரங்கள் களவு போயின. பாடம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? 1868இல் நாடாளுமன்றம் பொதுவெளித் தூக்கை நிறுத்தியது. அந்த ஆண்டு மே 26 அன்று தூக்கிலிடப்பட்ட மைக்கேல் பாரட்தான் மக்கள் முன்னிலையில் கடைசியாக உயிரிழந்தவர்.

இதற்கு நேர்மாறான காட்சி 1851ஆம் ஆண்டின் மாபெரும் பொருட்காட்சி. ஹைடு பார்க்கில் கண்ணாடி மாளிகை எழுந்தபோது, கள்ளர்கள் படையெடுப்பார்கள், வெள்ளிக் கரண்டிகளைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர் கர்னல் சிப்தார்ப் எச்சரித்தார். மே 1 முதல் அக்டோபர் 15 வரை அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் வந்தார்கள். அக்டோபர் 7 அன்று மட்டும் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துக்கு மேல். ஒரு ஷில்லிங் கட்டணத்தில் தொழிலாளர் குடும்பங்கள் ரயிலேறி வந்தன. அஞ்சியது நடக்கவில்லை, அவ்வளவு பெரிய கூட்டத்தில் பிடிபட்ட ஜேப்படிகள் மிகச் சொற்பம். போதிய காவலர்கள் நின்றார்கள், உள்ளே நடமாட ஒழுங்கான பாதை இருந்தது, பார்க்கத் தகுந்தவை இருந்தன, வந்தவர்களை விருந்தினராக எண்ணி ஏற்பாடு செய்திருந்தார்கள். உழைக்கும் மக்கள் கூடினாலே களவு நடக்கும் என்ற மேல்தட்டு அச்சத்தை அந்த ஐந்தரை மாதங்கள் பொய்யாக்கின.

சிறுவர்கள்

விக்டோரியா ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் கைக்குட்டை எடுத்த சிறுவனுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் அரிய தண்டனையல்ல. டாஸ்மேனியாவின் பாயின்ட் பியூர் என்ற இடத்தில் சிறுவர்களுக்கென்றே ஒரு சிறை 1834 முதல் 1849 வரை இருந்தது. தாய் தகப்பனை மறுபடி காணும் வாய்ப்பில்லாமல் கடல் கடந்த பிள்ளைகள் அவர்கள். 1847ஆம் ஆண்டுச் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் சிறு திருட்டு வழக்குகளை மாஜிஸ்திரேட்டே விரைந்து விசாரிக்க வழிசெய்தது. மாதக்கணக்கில் பெரிய கள்வர்களோடு சிறையில் காத்திருக்கும் கொடுமை குறைந்தது. ஆனால் கசையடி அந்தச் சட்டத்திலும் இருந்தது.

மேரி கார்ப்பென்டர் என்ற பெருமாட்டி இந்தப் பிள்ளைகளுக்காக வாழ்நாள் முழுவதும் போராடினார். பிள்ளையைப் பிள்ளையாக நடத்துங்கள் என்பதே அவருடைய கோரிக்கையின் அடிப்படை. அவருடைய முயற்சிக்கு 1854இல் சீர்திருத்தப்பள்ளிச் சட்டம் பலனாகக் கிடைத்தது. அதிலும் ஒரு முள் இருந்தது. பள்ளிக்குப் போகும் முன் சிறுவன் குறைந்தது பதினான்கு நாள் சிறையில் இருந்தாக வேண்டும். பள்ளி போதும், சிறை எதற்கு என்று அவர் கேட்டார். அந்த விதி முழுவதும் நீங்க 1899 வரை ஆனது. அவர் 1866 முதல் நான்கு முறை இந்தியாவுக்கு வந்து, இங்கும் பெண்கல்விக்காகவும் சிறைச் சீர்திருத்தத்துக்காகவும் பேசியவர் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் பதிவான திருட்டுகள் குறைந்துகொண்டே வந்தன என்று வி. ஏ. சி. கேட்ரல் போன்ற வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். கூலி உயர்ந்தது, காவல் சீரானது, 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் பெருகின. தூக்குக் கயிறு நீங்கிய பிறகுதான் இத்தனையும் நடந்தது.

செயலா, ஆளா?

இனி என் உரையின் மையத்துக்கு வருகிறேன்.

1864இல் ஒரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. காலின்ஸ் என்பவர் திருடும் எண்ணத்தோடு ஒரு பெண்ணின் உடைப்பைக்குள் கைவிட்டார். பையில் ஏதேனும் இருந்ததா என்பதற்குச் சான்றில்லை. வெறும் பையில் கைவிட்டவனைத் திருட முயன்றவன் என்று சொல்ல முடியுமா? முடியாது என்று நீதிமன்றம் விடுதலை செய்தது. கூட்டத்தில் நின்றவரின் பை காலியாக இருந்தால், கள்வனின் கை குற்றமற்றதாகிவிட்டது. 1892இல் ரிங் என்பவரின் வழக்கில்தான், ரயில் நிலையத்தில் பெண்களின் பைகளைத் துழாவியவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, அந்த முடிவை நீதிபதிகள் கைவிட்டார்கள்.

இதில் நாம் பெருமையோடு குறிப்பிட வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 511ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், ஒருவன் இன்னொருவரின் சட்டைப்பையில் கைவிடுகிறான், பையில் ஒன்றுமில்லாததால் தோற்கிறான், ஆனாலும் அவன் குற்றவாளி என்று சட்டமே தெளிவாகச் சொல்லிவிட்டது. லண்டன் நீதிமன்றம் தடுமாறுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, சென்னையிலும் கல்கத்தாவிலும் நடைமுறையாக வேண்டிய சட்டத்தில் விடை எழுதப்பட்டிருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவிலும் அதே எடுத்துக்காட்டு தொடர்கிறது. கை என்ன செய்தது, எந்த எண்ணத்தோடு செய்தது: கேள்வி இவ்வளவுதான். கைக்குரியவன் யாருடைய மகன் என்று சட்டம் அங்கே கேட்கவில்லை.

இரண்டாவது வழி வேறு மாதிரியானது. 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தின் நான்காம் பிரிவு, சந்தேகத்துக்குரியவர் அல்லது திருடர் என்று பெயரெடுத்தவர் குற்ற எண்ணத்தோடு பொது இடத்தில் நடமாடினாலே சிறைக்கு அனுப்ப இடம் தந்தது. திருவிழாவிலும் பந்தயத் திடலிலும் போலீசுக்குக் கைகொடுத்த ஆயுதம் அது. 1869இல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. இருமுறை பெருங்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் ஏழாண்டு காலம் போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமான நிலையில் காணப்பட்டாலே ஓராண்டு வரை சிறை. 1871இல் குற்றத்தடுப்புச் சட்டம் அந்த ஏற்பாட்டை மேலும் விரித்தது.

அதே 1871இல் இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டுக்கும் அடியில் ஓடிய சிந்தனை ஒன்று. ஆனால் இங்கே அது இன்னும் கொடூரமானது. இங்கிலாந்தில் கண்காணிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர். இந்தியாவிலோ பிறப்பே போதுமானதாயிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. பிறமலைக் கள்ளர், குறவர் உள்ளிட்ட சமூகங்களின் மக்கள் கைரேகை வைக்கவும், இரவில் காவல் நிலையத்தில் படுத்துறங்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீங்கியது. அது விட்டுச்சென்ற சந்தேகம் சில சமூகங்களை இன்னும் துரத்துகிறது.

இங்கிலாந்திலும் அந்த விதை முளைத்தது. 1824ஆம் ஆண்டின் அதே பிரிவைக் கொண்டு, 1970களில் லண்டன் போலீசார் கறுப்பின இளைஞர்களைத் தெருவில் நிறுத்திப் பிடித்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. 1981ஆம் ஆண்டின் குற்ற முயற்சிகள் சட்டம் அந்தச் சந்தேகக் குற்றத்தை ஒழித்தது. அதே சட்டம்தான், இடையில் மறுபடி குழப்பத்துக்கு உள்ளாகியிருந்த வெறும்பை வழக்கையும் முடித்து வைத்தது. காலிப்பையில் கைவிட்டாலும் முயற்சி முயற்சிதான் என்றது. பெயரெடுத்தவன் நடமாடுவதே குற்றம் என்பது கூடாது என்றது. செயலைத் தண்டி, ஆளைத் தண்டிக்காதே என்ற கொள்கையை இத்தனை தெளிவாக ஒரே ஏட்டில் எழுதிய சட்டத்தை நான் வேறு அறியேன்.

மாணவ நண்பர்களே, இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2016இல் லண்டனின் நாட்டிங் ஹில் திருவிழாவில் முகங்களை அடையாளம் காணும் கேமராக்களைப் போலீஸ் சோதித்துப் பார்த்தது. இன்று பல நாடுகளில் கூட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முகமும் ஒரு பட்டியலோடு ஒப்பிடப்படுகிறது. பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் சேர்த்தார்கள், எப்போது நீங்கும் என்று கேட்கும் உரிமை கூட்டத்தில் நிற்கும் நமக்கு உண்டு. களவைத் தடுக்கும் கண்காணிப்பை நான் எதிர்க்கவில்லை. பணப்பையைப் பறிகொடுத்த ஏழைக்குப் பாதுகாப்பு வேண்டும். விச்சரைப் போல ஒரு கையின் அசைவைக் கவனிக்கும் காவலர் வேண்டும். ஆனால் ஒரு முகத்தையோ, ஒரு சாதியையோ, ஒரு தெருவையோ குற்றமாக எழுதிவைக்கும் ஏட்டை இனி யாரும் திறக்கக் கூடாது. சட்டம் படிப்போரும் காவல் பணிக்குச் செல்வோரும் வரலாறு எழுதுவோரும் இந்த அவையில் இருக்கிறீர்கள். எதிர்காலத்தில் உங்கள் மேசைக்கு அப்படி ஒரு பட்டியல் வரும்போது, இவர் என்ன செய்தார் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.